மலையும் மஞ்சும் நிரபராதிகள்

கேரளத்தின் கிழக்கு விளிம்பில், மூணாறு முதல் குமுளி வரையும், வடக்கே வாளையாறு முதல் கோவிந்தாபுரம் வரையும், தமிழ் பேசும் வீடுகளில் டிவி நின்றால் பழி இரண்டு பேர் மேல் விழும். மலை மறைக்கிறது என்பார்கள். இல்லையென்றால் மஞ்சு இறங்கிவிட்டது என்பார்கள். செட்டாப் பாக்ஸ் தன் பங்குக்கு "சிக்னல் இல்லை" என்று ஒரு வரியைத் திரையில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பார்த்தால் மலையும் மஞ்சும் அநேகமாக நிரபராதிகள். கோளாறு பெரும்பாலும் கூரை மேல் கை எட்டும் தூரத்திலோ, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாலோ இருக்கிறது.

மலைக்கு இந்தக் கெட்ட பெயர் வந்தது தூர்தர்ஷன் காலத்தில். அப்போது அது நியாயமான பெயர்தான். கொடைக்கானல் கோபுரத்திலிருந்து கிளம்பிய ஒளிபரப்பு தென் தமிழகத்துச் சமவெளியில் தாராளமாகப் பரவியது. உயரமான குழாயில் ஆண்டெனாவைக் கட்டி, பூஸ்டர் வைத்துப் படம் பார்த்த தலைமுறை ஒன்று உண்டு. ஆனால் தரைவழி ஒளிபரப்பு அடிவானத்தை ஒட்டிக் கிடையாக வருவது. எதிரே ஒரு முகடு நின்றால் அலையில் ஒரு சிறு பங்கு மட்டுமே விளிம்பில் வளைந்து பின்பக்கப் பள்ளத்தில் இறங்கும். மிச்சம் தலைக்கு மேலே போய்விடும். தேயிலைத் தோட்டப் பள்ளங்களில் இருக்கும் லயங்களுக்குப் படம் புள்ளி புள்ளியாக வந்ததற்கு அதுவே காரணம்.

செயற்கைக்கோள் வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழானது. பின்னாளில் இலங்கையில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க் 1945-இல் எழுதிய கட்டுரை சொன்னபடி, நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும். இந்திய டிடிஎச் நிறுவனங்கள் பயன்படுத்தும் கோள்கள் கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகையிலிருந்து 108.2 பாகை வரை பரந்து நிற்கின்றன. மூணாறு இருப்பதோ 77 பாகையில். எனவே நமக்கு எல்லாக் கோள்களும் கிழக்குக்கும் தெற்குக்கும் இடைப்பட்ட வானத்தில்தான். நிலநடுக்கோட்டுக்கு நாம் வெறும் பத்து பாகை வடக்கே இருப்பதால் அவை நல்ல உயரத்தில் நிற்கும்.

டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 கோளை எடுத்துக்கொள்வோம். அது 93.5 பாகையில் நிற்கிறது. மூணாற்றிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேலே சுமார் 67 பாகை. கிட்டத்தட்ட உச்சிவானம் என்றே சொல்லலாம். அதை ஒரு மலை மறைக்க வேண்டுமானால், ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மலை நம் கூரையைவிட 2.3 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்க வேண்டும். தென்னிந்தியாவின் உச்சியான ஆனைமுடியே கடல் மட்டத்திலிருந்து 2,695 மீட்டர்தான். மூணாறு நகரமே ஏறத்தாழ 1,500 மீட்டரில் இருக்கிறது. செங்குத்துப் பாறையின் காலடியில் வீடு கட்டியவரைத் தவிர வேறு யாருக்கும் மலை மறைக்க வழியில்லை.

மரம் மறைக்கும். அதிலும் ஒரு கண்கட்டு வித்தை இருக்கிறது. வீட்டு டிஷ் முழு வட்டக் கிண்ணத்தின் நடுப்பகுதி அல்ல. பெரிய கிண்ணமொன்றின் ஓரத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டு. அலையை வாங்கும் எல்என்பி நடுவில் நிழல் போடாமல் கீழே தள்ளி நிற்பதற்காக இந்த ஏற்பாடு. இதனால் டிஷ்ஷின் முகம் காட்டும் திசைக்கும் அது உண்மையில் பார்க்கும் திசைக்கும் சுமார் 25 பாகை வித்தியாசம் வருகிறது. முகம் 42 பாகையை நோக்கும்; பார்வை 67 பாகையில் இருக்கும். எதிர்வீட்டு மாமரத்தை வெட்டச் சொல்லிச் சண்டை போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பத்து மீட்டர் தள்ளி நிற்கும் மரம் டிஷ்ஷைவிட 23 மீட்டருக்கு மேல் உயர்ந்தால்தான் குறுக்கே வரும். மாமரத்துக்கு அது எட்டாது. கூரைக்கு மேலேயே சாய்ந்து நிற்கும் சில்வர் ஓக், வீட்டை ஒட்டி நட்ட கிராண்டிஸ் இரண்டும்தான் சந்தேகத்துக்குரியவை. வட்டவடை, காந்தளூர்ப் பக்கம் நிற்கும் யூகலிப்டஸ் கிராண்டிஸ் வருடத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் சாதாரணமாக வளரும். டிஷ் வைத்த நாளில் தடையே இல்லாத வானம், நான்காம் வருடம் இலைகளால் மூடிக்கிடக்கும். மறைப்பு படிப்படியாக வருவதால் யாரும் மரத்தைச் சந்தேகிப்பதில்லை. பக்கத்து வீட்டில் வேறு நிறுவனத்தின் டிஷ் ஒழுங்காக ஓடுவதும் குழப்பும். 108.2 பாகைக் கோள் இங்கிருந்து 52 பாகை உயரத்தில், 83 பாகைக் கோள் 76 பாகை உயரத்தில். ஒரே மரம் ஒருவருக்குச் சுவர், இன்னொருவருக்கு நிழல்.

அடுத்தது மஞ்சு. மூடுபனித் துளியின் விட்டம் மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். டிடிஎச் வரும் கேயூ பட்டை அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். ஆயிரம் மடங்குக்கு மேல் சிறிய துளிகளை அந்த அலை பொருட்படுத்துவதே இல்லை. எதிரே நிற்பவர் முகம் தெரியாத அளவு அடர்ந்த பனியை ஒரு கிலோமீட்டர் கடந்தாலும் இழப்பு நூறில் இரண்டு பங்கைத் தாண்டாது. கண்ணுக்கு ஒளிதான் தெரியும். பனி ஒளியை மறைப்பதால் எல்லாவற்றையும் மறைப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

அப்படியானால் மஞ்சு இறங்கும் நாட்களில் படம் போவது பொய்யா? பொய்யில்லை. மஞ்சு காற்றில் இருக்கும்போது ஒன்றும் செய்யாது. நீராகி எல்என்பியின் மூடி மேல் படலமாகப் படிந்தால் செய்யும். அலை முழுதும் குவிந்து நுழைகிற அந்தச் சிறு வாயில் படியும் நீர்ப்படலம், வானத்துப் பனி மொத்தத்தையும்விட அதிகமாகச் சிக்னலைத் தின்னும். மூடி வெயிலில் வெடித்திருந்தால் நீர் உள்ளேயே போகும். சில வீடுகளில் வெடிப்பு வழியாக எறும்பு குடியேறியிருக்கும். குளவி மண்கூடு கட்டியிருக்கும். ஒரு துணியால் துடைத்துப் பார்ப்பதற்கு முன் வானத்தைத் திட்டக் கூடாது.

மழையின் கதை வேறு. அது உண்மையான குற்றவாளி. மழைத்துளி மில்லிமீட்டர் அளவுக்கு வளர்கிறது. அலைநீளத்தோடு ஒப்பிடத் தக்க அளவு அது. மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழை, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 5 டெசிபெல் இழப்பைத் தருகிறது. சிக்னலில் மூன்றில் ஒரு பங்குதான் தப்பும். இரண்டு கிலோமீட்டர் கடந்தால் பத்தில் ஒன்று. போதாக்குறைக்கு மழையே ஒரு வெப்பப் பொருள். குளிர்ந்த வெற்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டிஷ் இப்போது வெதுவெதுப்பான நீர்த்திரையைப் பார்க்கிறது, அதன் இரைச்சலும் எல்என்பிக்குள் சேர்கிறது. சிக்னல் குறைகிறது, இரைச்சல் கூடுகிறது, இரட்டை அடி.

இங்கே இரண்டு விசித்திரங்கள் உண்டு. வெப்பமண்டலத்தில் மேகத்துக்குள் பனிக்கட்டி உருகி மழையாகும் மட்டம் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேல் உள்ள பனிக்கட்டி அலையை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. சித்தூர், கொழிஞ்சாம்பாறை போன்ற சமவெளி ஊர்களில் அலை அந்த மழைத்தூணில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீந்தி வர வேண்டும். மூணாறு ஏற்கெனவே ஒன்றரைக் கிலோமீட்டர் மேலே ஏறி நிற்பதால் அங்கே நான்கு கிலோமீட்டருக்கும் குறைவு. ஒரே வேகத்தில் பெய்தால் மலையைவிடச் சமவெளிக்குத்தான் இழப்பு அதிகம். மலையில் மழைநாட்கள் அதிகம் என்பதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை. மறையூரும் சின்னாறும் மழைமறைவுப் பகுதிகள். அங்கே இந்தப் பிரச்சினையே குறைவு.

இரண்டாவது விசித்திரம் திசை. அலை தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வருகிறது. சமவெளியில் அந்தச் சாய்வு, தரையில் அளந்தால், வீட்டிலிருந்து தென்கிழக்கே இரண்டு கிலோமீட்டர் வரை நீளும். ஐப்பசி மாலைகளில் கிழக்கே திரளும் இடிமழை இன்னும் முற்றத்தில் ஒரு துளி விழாதபோதே டிவியை நிறுத்திவிடும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் மழை வீட்டைத் தாண்டிப் போன பிறகும் சிறிது நேரம் படம் வராமல் இருக்கும். முற்றம் வெளுத்திருக்கும், திரை இருண்டிருக்கும். இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. பொறுத்திருக்கலாம், அல்லது மழை அதிகமுள்ள ஊர்களில் 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்குப் பதில் 90 சென்டிமீட்டர் வைக்கலாம். பரப்பு இரண்டேகால் மடங்காவதால் மூன்றரை டெசிபெல் கையிருப்பு சேரும்.

கையிருப்பு என்பது இங்கே முக்கியமான சொல். பழைய அனலாக் டிவியில் சிக்னல் குறையக் குறையப் படம் மங்கிக்கொண்டே வரும். கோளாறு முன்கூட்டியே தெரியும். டிஜிட்டலில் பிழைதிருத்தும் கணிதம் கடைசிவரை தாங்கிப் பிடிக்கிறது. ஒரு வரம்பு வரை படம் பளிச்சென்று இருக்கும். அதற்குக் கீழே கால் டெசிபெல் இறங்கினாலும் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். ஆகவே படம் நன்றாக இருப்பதால் டிஷ் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. வரம்பின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும் டிஷ்ஷும் வெயில் நாளில் அருமையாகத்தான் காட்டும். பழி முதல் தூறல் மேல் விழும்.

கையிருப்பைத் தின்பது யார் என்று தேடினால், இடுக்கி, பாலக்காடு என்ற இந்த இரண்டு மாவட்ட எல்லைகளிலும் முதலில் அகப்படுவது காற்று. பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளி. தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நெருக்கியடித்து நுழைகிறது. கஞ்சிக்கோட்டில் கேரள மின்வாரியம் 1990-களிலேயே காற்றாலை வைத்ததும், கணவாயின் கிழக்கு வாசலில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிறைந்ததும் அதனால்தான். இடுக்கியில் கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் நிற்கும் ராமக்கல்மேட்டிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. காற்றாலைக்கு ஏற்ற இடம் டிஷ்ஷுக்கு ஆகாத இடம்.

60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் மேல் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று ஏறக்குறைய 6 கிலோ எடையின் விசையோடு தள்ளுகிறது. வேகம் ஒன்றரை மடங்கானால் விசை இரண்டேகால் மடங்கு. தூக்கி எறிய இது போதாது. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை அடித்து விடும், அடித்து விடும். நட்டு மெல்லத் தளரும். பார்வை தென்கிழக்கில் இருக்க, மேற்கத்திக் காற்று அதன் முதுகில் குத்திக்கொண்டே இருக்கும். எவ்வளவு நகர்ந்தால் கெடும்? 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வைக் கற்றை சுமார் 3 பாகை அகலம். நடுவிலிருந்து ஒன்றரை பாகை விலகினால் சிக்னல் பாதியாகும். டிஷ் விளிம்பில் அளந்தால் அது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அசைவு. கீழே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அந்த அசைவு தெரியவே தெரியாது.

இதன் கொடூரத்தை 2010-இல் தமிழ் வீடுகள் மொத்தமாகப் பார்த்தன. 2007 மார்ச்சில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன்-5 ஏற்றிச் சென்ற இன்சாட்-4பி, 93.5 பாகையில் நின்று சன் டைரக்ட் சேனல்களைக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2010 ஜூலை 7 அன்று அதன் சூரியத் தகடுகளில் ஒன்றின் மின்வழங்கலில் கோளாறு. டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை இஸ்ரோ அணைக்க வேண்டியதாயிற்று. சன் டைரக்ட் 91.5 பாகையில் நின்றிருந்த மியாசாட்-3-க்கு மாறியது. இரண்டே பாகை. தரையிலிருந்து பார்த்தால் இரண்டு பாகைக்குச் சற்று மேல். பழைய திசையிலேயே நின்ற டிஷ்ஷுக்கு அந்த விலகலில் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு சிக்னல். வரம்புக்கு வெகு கீழே. வானத்தில் ஒரு பொறி பழுதானதற்குத் தரையில் கூரை கூரையாக ஏறி டிஷ்ஷைத் திருப்ப வேண்டியிருந்தது. அந்த இரண்டு பாகையைத்தான் ஒவ்வொரு பருவக்காற்றும் செலவில்லாமல் செய்துவிட்டுப் போகிறது.

காற்றா மரமா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. காற்று வீசும்போது மட்டும் படம் வெட்டி, ஓய்ந்ததும் சரியானால் ஒன்று நட்டு ஆடுகிறது, அல்லது தென்னை ஓலை குறுக்கே வீசுகிறது. காற்று நின்ற பிறகும் சரியாகவில்லை என்றால் டிஷ் திரும்பியேவிட்டது. திருப்பிச் சரிசெய்யும்போது பலரும் மறக்கும் இரண்டு விஷயங்கள் உள்ளன. குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்க வேண்டும். குழாய் சாய்ந்திருந்தால் டிஷ்ஷின் மேல் எழுதிய பாகைக் குறிகள் எல்லாம் பொய். அடுத்து, எல்என்பியைத் தன் அச்சில் சுழற்றி வைக்கும் கோணம். கோள் அனுப்பும் அலைகள் கிடையாகவும் செங்குத்தாகவும் முனைப்படுத்தப்பட்டவை. நிலநடுக்கோட்டுக்கு நெருங்க நெருங்க, பக்கவாட்டில் நிற்கும் கோளுக்கு இந்தச் சுழற்சி அதிகம் தேவைப்படும். 93.5 பாகைக் கோளுக்கு டெல்லியில் சுமார் 27 பாகை சுழற்றினால் போதும். மூணாற்றில் ஏறக்குறைய 58. எல்என்பியை நேராகச் செருகிவிட்டு, டிஷ்ஷை மட்டும் ஆட்டி ஆட்டிப் பார்த்து அலுத்துப்போகிறவர்கள் நிறைய.

செட்டாப் பாக்ஸின் மெனுவில் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு கோடுகள் வரும். ஸ்ட்ரெங்த்தைப் பார்த்து மகிழ்வது வீண். அது கேபிளில் ஏதோ ஒரு சக்தி வருகிறது என்று மட்டும் சொல்கிறது. அதில் இரைச்சலும் அடக்கம். குவாலிட்டிதான் உண்மை பேசும். ஸ்ட்ரெங்த் 80, குவாலிட்டி பூஜ்யம் என்றால் டிஷ் வேறு ஏதோ கோளைப் பார்க்கிறது, அல்லது வெற்று வானத்தைப் பார்த்து எல்என்பி தன் இரைச்சலையே அனுப்புகிறது. இரண்டும் பூஜ்யம் என்றால் கேபிளோ கனெக்டரோ எல்என்பியோ போய்விட்டது; டிஷ்ஷைத் தொடவே வேண்டாம்.

எல்லாச் சேனலும் போகாமல் பாதி மட்டும் போவது இன்னும் சுவையான வழக்கு. செட்டாப் பாக்ஸ் கேபிள் வழியாகவே எல்என்பிக்கு மின்சாரம் அனுப்புகிறது. 13 வோல்ட் அனுப்பினால் ஒரு முனைப்பு, 18 வோல்ட் அனுப்பினால் மற்றொன்று. கனெக்டருக்குள் நீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தால் வழியில் மின்னழுத்தம் விழும். 18 அனுப்பியும் 14 போய்ச் சேர்ந்தால், எல்என்பி அதை 13 என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு பாதிச் சேனல்கள் என்ன செய்தாலும் வராது. பெரும்பாலான வீடுகளில் கேபிள் மேலிருந்து நேரே கீழே இறங்குகிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் கேபிளின் பின்னல் கம்பி நீரை இழுத்து வீட்டுக்குள் கொண்டுவரும். கனெக்டருக்கு முன்னால் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு, ரப்பர் மூடி போட்டுச் சுற்றினால் பிழைத்தது. பழைய கேபிளை வெட்டி ஒட்டுப்போட்டு நீட்டிய வீடுகளில் இந்த வைத்தியம் செல்லாது. முழுவதும் மாற்றுவதுதான் சிக்கனம்.

இனி, குறிப்பிட்ட சில சேனல்கள் மட்டும், வெயிலிலும் மழையிலும், போய்ப் போய் வருகிற வீடு. இங்கேதான் கம்பியில்லாக் குறுக்கீடு நுழைகிறது. வானிலிருந்து வரும் 11,000 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலை கேபிளில் போனால் சில மீட்டரிலேயே செத்துவிடும். எனவே எல்என்பி அதைக் கீழிறக்கி 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸுக்குள் மாற்றி அனுப்புகிறது. அந்த இடைவெளியில் வேறு யார் குடியிருக்கிறார்கள்? செல்போன். 1,800 பட்டையில் டவர் பேசுவது 1,805 முதல் 1,880 வரை. நம் கைப்பேசி பதில் சொல்வது 1,710 முதல் 1,785 வரை. 2,100 பட்டையில் கைப்பேசி 1,920 முதல் 1,980 வரை. எல்லாமே கேபிளின் வீட்டுக்குள்தான்.

கேபிளின் உறை நல்லதாக இருந்தால் இருவரும் சந்திக்க மாட்டார்கள். பின்னல் அரித்திருந்தாலோ கனெக்டர் கழன்றிருந்தாலோ கேபிள் ஆண்டெனாவாகிவிடும். எதிர்த் தோட்டத்தில் புதிதாக முளைத்த டவர் 1,805 முதல் 1,880 வரை இரைச்சலை ஏற்றும். எல்என்பி 9,750 மெகாஹெர்ட்ஸைக் கழித்து அனுப்புகிறது என்றால், 11,555 முதல் 11,630 வரை வரும் சேனல்கள் மட்டும் போகும், மற்றவை சிரித்துக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர் அந்தச் சேனல்காரரைத் திட்டுவார். ஜெர்மனியில் இதே கதை வேறு உருவில் நடந்தது. அங்கே டெக்ட் வகைக் கம்பியில்லாத் தொலைபேசிகள் 1,880 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகின்றன; 12,480 மெகாஹெர்ட்ஸில் வந்த சேனல்கள் எல்என்பியில் இறங்கியதும் சரியாக 1,880-இல் வந்து விழுந்தன. அந்தத் தொலைபேசியின் அடிப்பெட்டி, யாரும் பேசாதபோதும் அலை வீசிக்கொண்டே இருக்கும் தன்மையது. வெளிநாட்டிலிருந்து வந்த கார்ட்லெஸ் போனை செட்டாப் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்திருப்பவர் அதை அடுத்த அறைக்கு மாற்றிப் பார்க்கலாம், செலவில்லாத சோதனை. செட்டாப் பாக்ஸ் மேலேயே கைப்பேசியை வைக்கும் பழக்கத்துக்கும் அதே சோதனை.

டிஷ் இல்லாத கேபிள் வீடுகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஊர் கேபிள்காரரின் பெரிய டிஷ் சி பட்டையில், 3,700 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே கேட்கிறது. 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கிய 5ஜி-க்கு ஏலம் விட்ட பட்டைகளில் 3,300 முதல் 3,670 வரையும் ஒன்று. நடுவே இருப்பது ஒல்லியான வேலி. பக்கத்திலேயே 5ஜி டவர் வந்துவிட்ட இடங்களில், வேண்டாததை வடிகட்டும் ஃபில்டரை எல்என்பி முன்னால் பொருத்த வேண்டியிருக்கிறது. அது கேபிள்காரரின் வேலை, வீட்டுக்காரருடையதல்ல.

டவர் எட்டாத மலை மடிப்புகளில் இன்னொரு தொல்லை: ஆன்லைனில் வாங்கிக் கூரையில் மாட்டும் மொபைல் பூஸ்டர். அனுமதியில்லாமல் இதை வைப்பது சட்டப்படி குற்றம். தன் வீட்டுக்கு இரண்டு கோடு கூடுதலாகக் கிடைப்பதற்காக அது ஊர் முழுக்க இரைச்சலைத் திருப்பி டவருக்கு ஊதும்; டவரின் காது மந்தமாகும்; சுற்றியிருக்கும் எல்லோர் அழைப்பும் அறுபடும். ஓர் ஊரில் போன் திடீரென்று மோசமாகிவிட்டது என்றால், நிறுவனத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் கூரைகளை ஒரு சுற்றுப் பார்ப்பது பயனுள்ளது.

வைஃபை விஷயம் எளிது. அது 2,400 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால் டிஷ் கேபிளோடு மோதுவதில்லை; ரௌட்டர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொள்ளும். வரிசையாகச் சுவர் ஒட்டிய லயங்களில் வீட்டுக்கு ஒரு ரௌட்டர் வந்துவிட்டது. 13 சேனல்கள் இருந்தாலும் ஒன்றையொன்று உரசாதவை 1, 6, 11 மூன்றே. ரௌட்டர் பேசுவதற்கு முன் காற்றில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டே பேசும்; எல்லோரும் ஒரே சேனலில் இருந்தால் காத்திருப்பதிலேயே நேரம் போகும். 5,000 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மாறினால் நெரிசல் தீரும், ஆனால் கருங்கல் சுவரைத் தாண்டாது. தகரக் கூரையும் தகரத் தடுப்பும் எந்தப் பட்டையையும் விடாது. டிவிக்குப் பின்னால், உலோகச் சட்டத்தின் நிழலில் ரௌட்டரை ஒளித்து வைப்பதுதான் எல்லா வீட்டிலும் நான் காணும் முதல் தவறு. செட்டாப் பாக்ஸில் செருகிய யுஎஸ்பி 3.0 டிரைவும் 2,400 மெகாஹெர்ட்ஸ் அருகே இரைச்சல் கொட்டும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது.

கூரை ஏறுவதைப் பற்றி ஒன்று. நனைந்த தகரத்திலும் பாசி பிடித்த ஓட்டிலும் ஏறி டிஷ்ஷைத் திருப்ப எந்தத் தொடரும் தகுதியானதல்ல. பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று பார்க்காமல் இரும்புக் குழாயைத் தூக்கக் கூடாது. இடி நெருங்குவதற்கு முன்பே செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிளைக் கழற்றிவிட வேண்டும். பிளக்கை மட்டும் பிடுங்குவது போதாது.

காற்றுமில்லை, மழையுமில்லை, மரமுமில்லை, கேபிளும் புதிது. இருந்தும் பட்டப்பகலில் படம் உடைகிற வழக்கு ஒன்று மிச்சமிருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை சூரியன் சரியாகக் கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். டிஷ்ஷுக்கு அது ஒரு மாபெரும் இரைச்சல் நிலையம். நம் அட்சரேகையில் இது மார்ச் 15-ஐ ஒட்டியும் செப்டம்பர் 27-ஐ ஒட்டியும் சில நாட்கள் நடக்கும். 93.5 பாகைக் கோளுக்கு மூணாற்றுப் பக்கம் மார்ச்சில் காலை 11.15 அளவில், செப்டம்பரில் 11 மணிக்குச் சற்று முன், 108.2 பாகைக்கு மார்ச்சில் 10 மணி அளவில். 83 பாகைக்கு நண்பகலை ஒட்டி. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால் டிஷ்ஷின் 3 பாகைப் பார்வையைக் கடக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடமே ஆகும். அந்த நேரத்தில் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டால் அவர் பைக்கை நிறுத்துவதற்குள் படம் வந்திருக்கும். வருகைக் கட்டணத்தை மட்டும் கொடுத்தனுப்ப வேண்டியதுதான்.